தனியே சாதுவான ஆள் கூட்டத்தில் ஏன் மாறிவிடுகிறார்?

கேள்வி: தனியே இருக்கையில் சாதுவான பொடியன், கூட்டாளிகளோடு சேர்ந்ததும் வேறு ஆளாகிவிடுவது ஏன்?

மட்டக்களப்பில் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு நடக்கும் கொம்புமுறித்தலை, அதாவது இரு பக்கத்தாரும் கொம்புகளைக் கோத்து இழுத்து முறிக்கும் சடங்கைப் பார்த்திருக்கிறீர்களா? ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். நேற்று ஒன்றாகத் தேத்தண்ணி குடித்தவர்கள் இன்றைக்கு எதிர்ப்பக்கத்தை வசைபாடுவார்கள்.

சரி, அது பரம்பரை வழக்கம். ஆனால் பக்கம் பிரிய அந்தப் பரம்பரைகூடத் தேவையில்லை என்று காட்டியவர் சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல். 1970இல் வெளியான அவருடைய ஆய்வில், பிரிஸ்டல் நகரப் பாடசாலை மாணவர்களை அற்பக் காரணம் சொல்லி இரு குழுவாக்கினார்கள். தன் குழுவில் யார் யார் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அப்படியும் காசு பகிரும்போது தன் குழுவின் பக்கமே சாய்ந்தார்கள். அதைவிட வேடிக்கை, தங்கள் குழுவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிடக் கூட இருக்க வேண்டும் என்று நினைத்ததுதான்!

இன்னொன்று, தனித்து நிற்கும் கூச்சம். 1950களில் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர், ஒவ்வொருவரையும் ஒரு கூட்டத்தோடு இருத்திக் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். கூட்டத்தில் மற்றவர்கள் முன்கூட்டியே பேசிவைத்தபடி பிழையான விடை சொன்னார்கள். விடை கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. ஆனாலும் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டம் சொன்ன பிழையான விடையையே சொன்னார்கள். சரியான விடை சொல்ல ஒரேயொரு துணை கிடைத்தபோது அந்த இணக்கம் வெகுவாகக் குறைந்தது.

அதனால் பொடியனுக்குப் புத்தி சொல்வதைவிட, அந்தக் கூட்டத்தில் "வேணாம்டா" என்று சொல்லக்கூடிய இன்னொருவன் இருக்கிறானா என்று பாருங்கள்.