தாத்தாவின் இத்தாலிய ஊரைத் தேடி

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் கைதியாகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட இத்தாலியரான என் தாத்தா, போர் முடிந்தபின் இங்கேயே தங்கி எங்கள் பாட்டியை மணந்தார். வரும் ஆகஸ்டில் அவருடைய ஊருக்குச் சென்று உறவினரைத் தேட விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் வீட்டிலுள்ள பழைய தாள்களைப் புரட்டுங்கள், அம்மா. திருமணப் பதிவிலோ குடியுரிமை ஆவணத்திலோ பிறந்த ஊர் குறிக்கப்பட்டிருக்கலாம். 1941 முதல் 1947 வரை கல்லினன் அருகே இயங்கிய ஜோண்டர்வாட்டர் போர்க்கைதி முகாமில் அவர் இருந்திருந்தால், அங்குள்ள அருங்காட்சியகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். குடும்பத்தில் 'நேப்பிள்ஸ்' என்று சொல்லிவந்தால் அப்படியே நம்பிவிட வேண்டாம். இங்கு வந்த நம் தமிழ் முன்னோர் பலர் தம் ஊரை 'மதராஸ்' என்றே சொல்லிவைத்ததைப் போல, அது பக்கத்துப் பெருநகரின் பெயராகவும் இருக்கலாம்.

ஊர் உறுதியானதும், பெற்றோர் பெயருடன் கூடிய பிறப்புப் பதிவின் நகலைக் கேட்டு, 'கொமூனே' எனப்படும் ஊராட்சி அலுவலகத்துக்கு இத்தாலிய மொழியிலேயே மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலான பகுதிகளில் 1866 முதல் இப்பதிவேடுகள் உண்டு. அதற்கும் முந்தைய தலைமுறைகளுக்குத் தேவாலய ஞானஸ்நான ஏடுகளே துணை. அங்கே பெண்கள் மணமான பின்னும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரிலேயே பதியப்படுவதால், கொள்ளுப்பாட்டியைத் தேடுவது நீங்கள் அஞ்சுவதைவிட எளிது.

ஆகஸ்ட் மட்டும் வேண்டாம். 15ஆம் தேதி வரும் மாதா விண்ணேற்புத் திருநாளையொட்டி அலுவலர்கள் பலர் விடுப்பில் இருப்பார்கள். செப்டம்பர் இறுதி நல்லது. கல்லறைத் தோட்டத்தையும் அவசியம் பாருங்கள்: பீங்கான் வில்லையில் பதித்த நிழற்படத்துடன் பெயரும் ஆண்டுகளும் பொறித்திருப்பார்கள். ஆனால் பழைய புதைகுழிகளைக் காலப்போக்கில் அகற்றிவிடும் வழக்கமும் அங்கு உண்டு; தேடும் கல்லறை கிடைக்காவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள்.