மாமாவின் ஏடிஎம் அட்டையைத் தொடாதீர்கள்

மாமா இறந்து 2 மாதம் ஆகிறது, உயிலை நிறைவேற்றும் பொறுப்பு உங்களுக்கு, வங்கிப் பணத்தை உடனே எடுத்துப் பிரிக்கச் சொல்லி அவர் பிள்ளைகள் நெருக்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவருடைய ஏடிஎம் அட்டையைத் தொடாதீர்கள்! சிங்கப்பூரில் நீதிமன்றம் புரோபேட் (உயிலை உறுதிசெய்து அதை நிறைவேற்ற உங்களுக்கு அதிகாரம் தரும் ஆணை) கொடுத்த பிறகுதான் வங்கி உங்களிடம் பணத்தைத் தர வேண்டும். இந்தப் பொறுப்பு வேண்டாமென்றால் இப்போதே விலகலாம். சொத்தில் கை வைத்துவிட்டால் விலகுவது கடினம்.

முதலில் உயிலின் அசலைத் தேடி எடுங்கள். இறந்து 6 மாதத்துக்குள் புரோபேட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், தாமதித்தால் காரணம் சொல்ல வேண்டிவரும். அப்புறம், கடன்களை அடைத்த பிறகே பங்கு. அவசரப்பட்டுப் பிரித்துக்கொடுத்தபின் கடன்காரர் வந்தால் உங்கள் கைக்காசு போகும். என் அப்பாவின் உயிலில் இந்தப் பயத்தால்தான் நான் அண்ணனிடமே கறாராக இருந்தேன்.

மாமாவின் மத்திய சேமநிதிப் (சிபிஎஃப்) பணம் உயிலில் சேராது. அவர் நியமனம் செய்திருந்தால், அதில் பெயர் உள்ளவருக்குப் போகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு அத்தையோடு கூட்டுடைமை (ஒருவர் இறந்தால் முழு வீடும் மற்றவருக்குச் சேரும் முறை) என்றால் அதுவும் அவருக்கே.

பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு இருப்பதால் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள். நியாயமான கட்டணத்தைச் சொத்திலிருந்தே கொடுக்கலாம். மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.