டீசல் டேங்கில் மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

மண்டபத்திலிருந்து ஒரு விசைப்படகு உரிமையாளர் கேட்கிறார்: "தம்பியின் வல்லத்துக்கு (சிறு படகு) வாங்கிய மண்ணெண்ணெய் இரண்டு கேன் மிச்சம் இருக்கிறது. டீசலும் மண்ணெண்ணெயும் ஒரே கச்சா எண்ணெயில்தானே கிடைக்கின்றன? டீசலோடு கலந்து ஓட்டலாமா?"

வேண்டாம் ஐயா. தாய் ஒன்றுதான், பிள்ளைகளின் குணம் வேறு.

வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். கடல்நீர் சுண்டச் சுண்ட ஜிப்சம் முன்னதாகப் படிகிறது, பிறகுதான் உப்பு. கடைசியில் கசப்பு நீர் மிஞ்சுகிறது. ஒவ்வொன்றும் தனக்குரிய பதத்தில் பிரிகிறது. கச்சா எண்ணெயைப் பிரிக்கும் பதம் கொதிநிலை. எண்ணெயை உலையில் சுமார் 350 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, உயரமான கோபுரத்தின் அடியில் செலுத்துகிறார்கள். பெரும்பகுதி ஆவியாகி மேலே ஏறுகிறது. கோபுரத்துக்குள் அடுக்கடுக்காகத் துளையிட்ட தட்டுகள். அடியில் கொதிப்பு, உச்சியில் குளிர்ச்சி. எந்தத் தட்டில் தன் கொதிநிலைக்குக் கீழே ஆறுகிறதோ, அந்தத் தட்டிலேயே ஆவி திரவமாகித் தங்கிவிடுகிறது. டீசல் கீழே, மண்ணெண்ணெய் அதற்கு மேலே, பெட்ரோலாகும் நாப்தா உச்சியருகே. சமையல் எரிவாயு உச்சி வழியே போய்விடும். அடியில் நிற்கும் கசடை வெற்றிடத்தில் மறுபடி வடித்தால், கடைசியில் ரோட்டுக்குப் போடும் தார் மிஞ்சும்.

ஆக, மண்ணெண்ணெய் டீசலைவிட லேசானது, வழவழப்பும் குறைந்தது. உங்கள் இன்ஜினின் டீசல் பம்பில் பிளஞ்சருக்கும் (டீசலை அழுத்தித் தள்ளும் தண்டு) அதன் உறைக்கும் இடையே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி. அங்கே மசகாக இருப்பது டீசலேதான். மண்ணெண்ணெய் கலந்தால் அந்தப் படலம் நைந்து, உலோகத்தோடு உலோகம் உரசும். அப்படித் தேய்ந்த பிளஞ்சரை நகத்தால் தடவினால் கீறல் தட்டும். பிறகு அழுத்தம் குறையும், இழுவை போகும், ஒருநாள் நடுக்கடலில் இன்ஜின் நிற்கும். பாக் நீரிணையில் இன்ஜின் நின்ற படகை நீரோட்டம் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பணச் செலவைவிட அதுதான் எனக்குக் கவலை.

தம்பியின் வல்லத்தில் மாட்டும் இன்ஜின் வேறு வகை. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஸ்பார்க் பிளக்தான் எரிக்கிறது, உயர் அழுத்தப் பம்பு அதில் இல்லை.

ஏற்கெனவே கலந்திருந்தால் டேங்கை முழுவதும் வடித்து, ஃபில்டரை மாற்றி, புது டீசல் நிரப்புங்கள். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் பம்பைக் கழற்றி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வடித்த கலவையை அடுப்பில் ஊற்றிவிடாதீர்கள். கலக்காத இரண்டு கேனும் தம்பிக்கே போகட்டும்.