பெரிய சட்ட நிறுவனத்தில் பார்ட்னர் ஆவது எப்படி? ஆகத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் மும்பையில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் ஐந்தாம் வருட அசோசியேட், அதாவது பார்ட்னர்களுக்குக் கீழே வேலை பார்க்கும் வழக்கறிஞர். இன்னும் நான்கைந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பார்ட்னர் ஆகிவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்களாம். அது உண்மையா, அந்த இடத்துக்கு அவ்வளவு மதிப்பு உண்டா என்று கேட்கிறார்.

நான் அந்த வழியில் போய்த் திரும்பியவள். சென்னையில் சட்டம் படித்தேன், உயர் நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் இரண்டு வருடம் ஜூனியராக இருந்தேன், அப்புறம் மும்பை. லோயர் பரேலில் பதினொரு வருடம், அதில் கடைசி மூன்று வருடம் பார்ட்னர். இப்போது சென்னையில் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் இருக்கிறேன். நான் செய்தது கம்பெனிகளை வாங்குவது, விற்பது, முதலீடு போடுவது சம்பந்தப்பட்ட வேலை. வழக்குப் பக்கம் இருப்பவர்களின் கணக்கு கொஞ்சம் வேறு, அதைப் பற்றி அவர்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

முதலில், நீங்கள் இப்போது அங்கே யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஊழியர் இல்லை. சனத், அதாவது வழக்கறிஞராகப் பதிவு செய்த சான்றிதழ், வைத்திருப்பவர் முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்பது வழக்கறிஞர்களுக்கு விதி வகுக்கும் பார் கவுன்சிலின் 49-ஆம் விதி. அதனால் நிறுவனங்கள் நம்மை ரிட்டெய்னர் என்று வைத்துக்கொள்கின்றன. மாதாமாதம் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு வருகிற பணம் சட்டப்படி சம்பளம் இல்லை, தொழில்முறைக் கட்டணம். நான் மும்பை போன முதல் மாதம் அம்மா போனில் கேட்ட ஒரே கேள்வி, "பி.எஃப். பிடிக்கிறாங்களா?" இல்லை என்றதும், "அப்ப அது என்னடி வேலை?" என்றாள். முப்பது வருடம் அரசுப் பள்ளியில் டீச்சராக இருந்தவள், அவளுக்கு அப்படித்தான் தோன்றும். சில வருடம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போனபோது வங்கி மேனேஜரும் கிட்டத்தட்ட அதையே, கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பார்ட்னர் என்று அறிவித்த பிறகும் பலருக்கு இந்த நிலை மாறுவதில்லை. விசிட்டிங் கார்டு மாறும், தொகை மாறும், கடிதத்தில் இருக்கும் ஏற்பாடு அதேதான். ஈக்விட்டி பார்ட்னர் என்பவர் நிறுவனத்தின் லாபத்தில் பங்கு வாங்குபவர், பெரும்பாலும் முதலும் போட்டிருப்பார். மற்ற பார்ட்னர்களுக்கு நிர்ணயித்த தொகை மட்டும்தான். நானும் இந்த இரண்டாம் வகைதான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஊரில் என் சித்தப்பா ரொம்ப நாள் எனக்கு மும்பையில் சொந்தக் கம்பெனி இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1932-ஆம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி லாபத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம்தான் கூட்டாண்மை. லாபத்தில் பங்கில்லாதவரைச் சட்டம் பார்ட்னர் என்று எளிதில் ஒப்புக்கொள்ளாது. ஆனால் அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு, பார்ட்னர் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டவரை, அல்லது அப்படிச் சொல்லத் தெரிந்தே விட்டவரை, அதை நம்பி நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர் பிடிக்கலாம் என்கிறது. லாபத்தில் பங்கில்லை, கடனில் மட்டும் பங்கு வரலாம். நிறுவனம் எல்.எல்.பி.யாக, அதாவது பார்ட்னர்களின் கடன் பொறுப்புக்கு வரம்பு வைத்த கூட்டாண்மையாக, இருந்தால் இந்தப் பயம் கணிசமாகக் குறையும். ஆகவே உங்கள் நிறுவனம் பழைய மாதிரிக் கூட்டாண்மையா, 2008-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் பதிவான எல்.எல்.பி.யா என்று பாருங்கள். லெட்டர்ஹெட்டிலேயே தெரிந்துவிடும். ஐந்து வருடம் அங்கே இருந்தும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். நானும் பார்த்ததில்லை.

சரி, எப்படி ஆவது?

நல்ல வேலைக்காரர் என்ற பெயர் சீனியர் அசோசியேட், பிரின்சிபல் அசோசியேட் வரைக்கும் கொண்டுபோய் விடும். அதற்கு மேலே கேட்கிற கேள்வி வேறு: இவர் பார்ட்னர் ஆனால் பணம் எங்கிருந்து வரும்? ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். உங்களுக்கு வருடம் ஒரு கோடி, உங்கள் கீழே மூன்று அசோசியேட், தலைக்கு 25 லட்சம். ஆக 1.75 கோடி. சட்ட நிறுவனங்களில் பழைய வாய்ப்பாடு ஒன்று உண்டு. வருகிறதில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்கு, ஒரு பங்கு வாடகை முதலான செலவுக்கு, ஒரு பங்கு லாபத்துக்கு. அப்படியென்றால் நீங்கள் வருடம் 5.25 கோடி வசூலிக்க வேண்டும். சராசரியாக மணிக்கு 10,000 ரூபாய் என்று வைத்தால் 5,250 மணி நேரம், நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,300 மணிக்குக் கொஞ்சம் மேலே. இவ்வளவுதானா என்று தோன்றும். கவனியுங்கள், இது டைம்ஷீட்டில் போட்ட மணி இல்லை, காசாக வந்து சேர்ந்த மணி. நம் ஊர் கிளையண்ட் பாதிப் பேர் முன்கூட்டியே மொத்தத் தொகைக்கு ஒரு உச்சவரம்பு பேசிவிடுவார்கள். அதற்கு மேல் நீங்கள் விடிய விடியப் போட்ட ரெட்லைன், அதாவது ஒப்பந்த வரைவில் போட்ட திருத்தம், எல்லாம் தள்ளுபடிதான்.

அந்தப் பணம் கிளையண்டிடமிருந்து வர வேண்டும், கிளையண்ட் உங்களுக்காக வர வேண்டும். பார் கவுன்சிலின் 36-ஆம் விதிப்படி வழக்கறிஞர் விளம்பரம் செய்யக் கூடாது, வேலை கேட்டு அலையக் கூடாது. பிறகு எப்படி வருவார்கள்? எனக்கு வந்தது இப்படி.

கோவைப் பக்கம் பம்ப் செட் செய்யும் ஒரு குடும்பக் கம்பெனி. அதில் 60 சதவீதத்தை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கிறார்கள், நாங்கள் குடும்பத்தின் பக்கம். மூத்த பார்ட்னர் பேச்சுவார்த்தைக்கு, நான் காகிதத்துக்கு. 140 பக்கப் பங்குதாரர் ஒப்பந்தம். கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்னால் ராத்திரி பதினொரு மணிக்குக் கம்பெனிப் பெரியவர் என் மொபைலுக்குக் கூப்பிட்டார். எடுத்ததும் மெல்லிய குரலில், "அம்மணி, தூங்கிட்டியா?" என்றார். இல்லைங்க என்றேன். "நாப்பத்திரெண்டாம் பக்கத்துல ட்ராக் அலாங்னு ஒண்ணு போட்டிருக்குதே, அப்படின்னா அவங்க விக்கறப்ப எம் பொண்ணு பங்கையும் சேர்த்து வித்துப்போடுவாங்களா?"

ஆமாங்க, அதுதான் அர்த்தம் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பகல் முழுக்கக் கான்ஃபரன்ஸ் ரூமில் அவர் முன்னால்தான் அந்த ஷரத்தைப் பற்றிப் பேசினோம், எல்லாம் இங்கிலீஷில். அவரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நாற்பது நிமிடம் தமிழில் பேசினோம். எந்த விலைக்குக் கீழே போனால் மகளை இழுக்க முடியாது என்று ஒரு வரி, எத்தனை வருடத்துக்கு இந்த உரிமையைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி. காலையில் இரண்டையும் ரெட்லைனில் போட்டு அனுப்பினோம். கொஞ்சம் முறுக்கிக்கொண்டு எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டது. அந்த நாற்பது நிமிடத்தை நான் டைம்ஷீட்டில் போடவில்லை.

எட்டு மாதம் கழித்து அவருடைய மைத்துனர் குடும்பத்தில் ஒரு சாய ஆலை வாங்கும் வேலை. பெரியவர் எனக்குத்தான் போன் பண்ணினார். "அந்தப் பொண்ணு பார்த்தாத்தான் செய்வேன்" என்று மைத்துனர் சொன்னாராம்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். புது வேலை வந்தால் மேட்டர் ஓப்பனிங் படிவம் நிரப்ப வேண்டும். அதில், யார் மூலம் இந்தக் கிளையண்ட் வந்தார் என்று ஒரு கட்டம். நான் மூத்த பார்ட்னர் பெயரைப் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை, என் கையால் நானே போட்டேன். முதல் வேலை அவருடையதுதானே, சீனியர் பெயரைப் போடுவதுதானே மரியாதை என்ற நினைப்பு. அவரும் மாற்றச் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்திலிருந்து அடுத்த மூன்று வருடத்தில் ஐந்து வேலை வந்தது. ஐந்துக்கும் அதே பெயர் தானாக ஏறிக்கொண்டது.

பார்ட்னர் ஆவதற்கு என் தரப்பை எழுதிக் கொடுக்கச் சொன்ன வருடம் அக்கவுண்ட்ஸிலிருந்து என் கணக்கை வாங்கிப் பார்த்தேன். என் மூலம் வந்தது என்று இரண்டு சின்னக் கம்பெனிகள், அவ்வளவுதான். கோவைக் குடும்பம் வேறு ஒருவர் பத்தியில் இருந்தது. பார்ட்னர்களைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் யாரும் கதை கேட்பதில்லை, தாளைத்தான் பார்ப்பார்கள். அந்த வருடம் என்னோடு சேர்ந்தவர்கள் ஆனார்கள், நான் அடுத்த வருடம் ஆனேன். இதில் அநியாயம் என்று ஒருவரைக் கைகாட்டவும் முடியவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

லாபத்தைப் பிரிப்பதிலும் இந்தக் கட்டம்தான் ஆளும். சில நிறுவனங்களில் பந்தியில் எல்லோருக்கும் ஒன்றாகப் பரிமாறுகிற மாதிரி, சீனியாரிட்டிப்படி பங்கு ஏறும். அதை லாக்ஸ்டெப் என்பார்கள். சில இடங்களில் அவரவர் வேட்டை அவரவருக்கு. இரண்டையும் கலந்து வைத்திருப்பவர்களும் உண்டு. முதல் வகையில் ஒருவருக்கொருவர் கிளையண்டைக் காட்டுவார்கள், இரண்டாம் வகையில் போன் நம்பரைக் கூடக் காட்ட மாட்டார்கள். நம் நாட்டில் கூடவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: குடும்பம். அமர்சந்த் மங்கல்தாஸ் நிறுவனம் 2015-ல் சிரில் ஷ்ராஃப், ஷார்துல் ஷ்ராஃப் சகோதரர்களுக்கிடையே இரண்டாகப் பிரிந்ததே, அப்போது உங்களுக்குப் பள்ளி வயதாக இருந்திருக்கும். குடும்பம் ஆள்கிற நிறுவனம் மோசம் என்று சொல்லவில்லை. மேலே எவ்வளவு இடம் காலியாகும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

அப்புறம் அந்தக் கடிதம். மார்ச் கடைசி வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒரு அறைக்குக் கூப்பிட்டு, கைகுலுக்கி, இரண்டு பக்கக் கடிதமும் பேனாவும் கொடுத்தார்கள். கிளையண்டுக்கு ஒரு காற்புள்ளிக்காக அரை நாள் சண்டை போட்டவள் நான். என் கடிதத்தில் தொகை எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடினேன். இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது, கையெழுத்துப் போட்டுவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தால், விலக ஆறு மாத நோட்டீஸ். வருடக் கடைசியில் வர வேண்டிய தொகையில் ஒரு பகுதி அடுத்த ஜூனில்தான் வரும், அதுவும் அப்போது நான் அங்கே இருந்தால். விலகிய பின் ஒரு வருடம் நிறுவனத்தின் கிளையண்ட் யாருக்கும் வேலை செய்யக் கூடாது. மற்றதெல்லாம் கூட்டாண்மைப் பத்திரத்தின்படி. அந்தப் பத்திரத்தைப் பார்க்கலாமா என்று திங்கட்கிழமை கேட்டேன். அது ஈக்விட்டி பார்ட்னர்களுக்கு மட்டும் என்றார்கள்.

இதில் சட்ட நுணுக்கம் ஒன்று. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, தொழில் செய்யக் கூடாது என்று ஒருவரைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் செல்லாது. விலகிப்போகும் அசோசியேட்டுக்கு அது நல்ல கேடயம். ஆனால் கூட்டாண்மைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு அதற்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. விலகும் பார்ட்னரோடு, நியாயமான காலத்துக்கோ எல்லைக்கோ உட்பட்டு அப்படி ஒப்பந்தம் போடலாம். அதாவது உண்மையான பார்ட்னர் ஆனால் அந்தக் கேடயம் கொஞ்சம் மெலிகிறது. என் மாதிரி ஆட்கள் லாபம் பிரிக்கும்போது ரிட்டெய்னர், கட்டிப்போடும்போது பார்ட்னர். நான் அதை எதிர்த்துப் போராடவில்லை. பிப்ரவரியில் நோட்டீஸ் கொடுத்தேன், மும்மாதத்தில் விடுவித்துவிட்டார்கள், ஜூன் பணம் போயிற்று.

ஆகத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: ஈக்விட்டிக்கு வழி தெரிகிற இடமென்றால் நிச்சயம் முயலுங்கள், அதற்குக் கொடுக்கும் ராத்திரிகளுக்கு அர்த்தம் உண்டு. வழி தெரியாத இடமென்றால், பார்ட்னர் பட்டத்தை நல்ல சம்பளமுள்ள ஒரு வேலையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு குறைச்சலும் இல்லை. எனக்கு இந்த வேலை கிடைத்ததே அந்தப் பட்டத்தால்தான். கம்பெனி வேலைக்கு வருவதானால் சனத்தை நிறுத்தி வைக்க வேண்டும், அது மட்டும் நினைவிருக்கட்டும். சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் திரும்பி ஐந்து வருடத்தில் பேர் வாங்குவேன் என்று சில பேர் கிளம்புகிறார்கள். துணிச்சலான முடிவு. ஜூனியர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாயாவது கொடுங்கள் என்று 2024-ல் அந்த நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தால் எல்லாம் மாறும் என்று நான் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2018-ல் ஏ.கே. பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது, 2023-ல் பார் கவுன்சில் விதிகள் போட்டுக் கொஞ்சம் திறந்தது, 2025-ல் அவற்றைத் திருத்தியது. இந்தியச் சட்டத்துக்குள் அவர்கள் வர இன்னும் வழியில்லை. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கடிதம் வந்தால் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதற்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. இப்போதைக்கு, உங்கள் மூலம் வந்தது என்று எத்தனை கோப்பு ஏறியிருக்கிறது என்று அக்கவுண்ட்ஸில் கேட்டுப் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தக் கணக்கை வைத்திருந்தவர் ஆறு மணி லோக்கலைப் பிடிக்க ஐந்தே முக்காலுக்கே கிளம்பிவிடுவார். கொஞ்சம் சீக்கிரமாகவே போங்கள்.