மிரட்டும் ‘ஆல்’, வாதாடும் ‘ஆல்’

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். 16 வயது முடிந்துவிட்டது. டியூஷனுக்குப் போக ஸ்கூட்டர் வேண்டும் என்கிறான். ‘எல்லாப் பசங்களும் ஓட்டுறாங்க’ என்பதைத் தாண்டி ஒரு காரணமும் வருவதில்லை. கடைசியில் இருவரும் கத்திக்கொண்டு நிற்கிறோம். பிள்ளைகளை முறையாக வாதம் பண்ணப் பழக்குவது எப்படி?
- ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: ஐயா, பட்டிமன்றத்துக்கும் பேச்சுப் போட்டிக்கும் பிள்ளைகளைத் தயார் செய்கிற தமிழாசிரியை நான். ‘இப்படிச் செய்தால் இப்படி ஆகும்’ என்று, ‘செய்தால்’ என்பதில் வரும் அந்த ‘ஆல்’ போட்டுப் பேச வந்துவிட்டால் பாதிச் சண்டை நின்றுவிடும். ஆனால் அந்த வாக்கியத்தைப் பிள்ளைகள் வீட்டில் எப்போது கேட்கிறார்கள்? ‘மார்க் குறைஞ்சா போனைப் பிடுங்கிடுவேன்.’ ‘நல்ல மார்க் எடுத்தா சைக்கிள் வாங்கித் தர்றேன்.’ ஒன்று மிரட்டல், மற்றது பேரம். இரண்டிலும் விளைவு பேசுகிறவர் கையில் இருக்கிறது. ‘ராத்திரி ஒரு மணி வரை விழித்திருந்தால் முதல் பீரியடில் கண் சொருகும்’ என்பது வேறு. அப்பா சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது நடக்கும். வகுப்பில் இதைத்தான் முதலில் கேட்பேன்: ‘இந்த விளைவை உண்டாக்குவது யார்?’ ‘நான்தான்’ என்று பதில் வந்தால் அந்த வாக்கியத்தைத் தள்ளி வைத்துவிடுவோம்.

அடுத்து, ‘எப்படி?’ என்று விடாமல் கேளுங்கள். ‘ஸ்கூட்டர் இருந்தால் நல்லாப் படிப்பேன்.’ எப்படி? ‘பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம் மிச்சமாகும்.’ சரி, மிச்சமானால்? ‘கணக்கு போடலாம்.’ போடலாம் என்கிறானா, போடுவேன் என்கிறானா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். நேரம்தான் சிக்கல் என்றால், சைக்கிளில் போனாலும் அது மிச்சமாகுமா? இங்கே வரும்போது பிள்ளைகள் கொஞ்சம் மௌனமாவார்கள். அவசரப்படுத்தாதீர்கள். அவர்கள் உண்மையிலேயே யோசிக்கிற இடம் அது.

பதின்வயதில் அதிகம் வழுக்குவது ‘இருந்தால்’ என்பதிலிருந்து ‘இருந்தால்தான்’ என்பதற்கு. ஸ்கூட்டர் இருந்தால் சீக்கிரம் போகலாம், உண்மை. இருந்தால்தான் போக முடியும் என்பது இன்னொரு கூற்று, அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். இதைப் புரிய வைக்க வான்சிறப்பில் வரும் ‘விசும்பின் துளிவீழின் அல்லால்’ குறளைத்தான் எடுப்பேன். துளி விழுந்தால்தான் புல்லின் தலையைக் காணலாம் என்கிறார் வள்ளுவர். அப்படியானால் மழை பெய்தால் புல் முளைத்தே தீருமா? சிமென்ட் தரையில்? யாராவது ஒரு பிள்ளை எழுந்து, ‘மழை வேணும் டீச்சர், ஆனா அது மட்டும் போதாது’ என்று சொல்லிவிடும். எனக்கு அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வண்டிக்கு வருவோம். 16 வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத வண்டியை மட்டும்தான், அதற்கும் லைசென்ஸ் வேண்டும். இப்போது ஓடுகிற ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சிசி. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவைத் தேடிப் படிக்கும் வேலையை மகனிடமே கொடுங்கள். 18 வயது ஆகாதவர் இந்தச் சட்டத்தின்படி குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. நீங்கள் சொன்னால் இது இன்னொரு மிரட்டலாகத்தான் அவன் காதில் விழும். படித்தபின், உங்கள் பக்க வாதத்தை அவனையே ‘ஆல்’ போட்டு எழுதச் சொல்லுங்கள். அவன் பக்கத்தை நீங்கள் எழுதுங்கள். பஸ் உண்மையிலேயே நேரத்துக்கு வருவதில்லை என்று தெரிந்தால், டியூஷன் நேரத்தை மாற்றவோ சைக்கிள் வாங்கவோ நீங்களும் இறங்கி வர வேண்டும். நியாயமான வாதத்துக்கு வீட்டில் எதுவுமே அசையவில்லை என்றால், அவன் மறுபடி கத்தத்தான் செய்வான்.

கேள்வி: பட்டிமன்றத்தில் என் மாணவர்கள் ‘அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்…’ என்று ஆரம்பித்து இஷ்டத்துக்கு அளக்கிறார்கள். தடுக்கலாமா?
- ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: தடுக்காதீர்கள் டீச்சர். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆக்கிய 61-வது அரசியல் சாசனத் திருத்தம் 1989-ல் நடைமுறைக்கு வந்தது. அது வராமல் இருந்திருந்தால், இன்று 19 வயதுப் பெண் ஓட்டுப் போட முடியாது. இவ்வளவு தூரம் உறுதியாகச் சொல்லலாம். ‘இளைஞர்கள் அரசியல் பக்கமே வந்திருக்க மாட்டார்கள்’ என்று ஒரு மாணவன் நீட்டினால், 1965 மொழிப் போராட்டத்தில் தெருவுக்கு வந்த மாணவர்களில் எத்தனை பேருக்கு ஓட்டுரிமை இருந்திருக்கும் என்று கேளுங்கள்.