காபி கொஞ்சம் போதும் என்று செக் மொழியில் சொல்வது எப்படி?

கேள்வி: கணவரின் வேலை காரணமாகச் செக் குடியரசின் பிர்னோ நகரில் குடியேறியிருக்கிறேன், தொடக்கநிலைச் செக் வகுப்புக்கும் போய்வருகிறேன். அண்மையில் பக்கத்து வீட்டு அம்மையார் காபி ஊற்றியபோது, கொஞ்சம் போதும் என்ற எண்ணத்தில் ‘மாலொ’ என்றேன். அவர் முகம் சற்று மாறியது. கோப்பை நிரம்ப ஊற்றிவிட்டார். அகராதியில் ‘மாலொ’, ‘த்ரொஹு’ இரண்டுக்குமே ‘கொஞ்சம்’ என்றுதான் இருக்கிறது. எதை எங்கே சொல்வது? யாராவது நன்றி சொன்னாலோ, என் செக்கைப் பாராட்டினாலோ அடக்கமாக என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி, பிர்னோ

பதில்: அந்த அம்மையார் உங்களைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை, நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஊற்றிய காபியைப் பார்த்து ‘மாலொ’ என்றால் ‘இது போதாது’ என்றே பொருள்படும். ‘த்ரொஹு’ இருப்பதைச் சொல்லும் சொல். ‘மாலொ’ இல்லாத குறையைச் சொல்லும் சொல். ‘மாம் த்ரொஹு சஸு’ என்று ஒருவர் சொன்னால் அவருக்குச் சிறிது நேரம் இருக்கிறது, நீங்கள் உட்கார்ந்து பேசலாம்; ‘மாம் மாலொ சஸு’ என்று சொன்னால் அவருக்கு நேரம் போதவில்லை, நீங்கள் எழுந்துகொள்வது நல்லது. அளவு இரண்டிலும் ஐந்து நிமிடமாகவே இருக்கலாம். எனவே காபி ஊற்றும்போது ‘யென் த்ரொஹு, ப்ரொசீம்’, அதாவது ‘கொஞ்சம் மட்டும், தயவுசெய்து’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஊற்றிக்கொண்டிருக்கும்போது நிறுத்த ‘ஸ்தச்சீ, த்யெகுயி’, அதாவது ‘போதும், நன்றி’ என்றால் போதுமானது.

இந்தச் சொற்களுக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல் அப்படியே நிற்காமல் ஆறாம் வேற்றுமை வடிவத்துக்கு மாறும் என்பதையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். சர்க்கரை ‘த்ஸுக்ர்’, ஆனால் கொஞ்சம் சர்க்கரை ‘த்ரொஹு த்ஸுக்ரு’. தண்ணீர் ‘வொதா’, ஆனால் கொஞ்சம் தண்ணீர் ‘த்ரொஹு வொதி’. பால் ‘ம்லேகொ’, ஆனால் கொஞ்சம் பால் ‘த்ரொஹு ம்லேகா’. எண்ணக்கூடிய பொருளாக இருந்தால் ‘த்ரொஹு’ பொருந்தாது, ‘பார்’ என்னும் சொல் வரவேண்டும்: ‘பார் மினுத்’ என்றால் சில நிமிடங்கள், ‘பார் கொருன்’ என்றால் சில கொருனாக்கள் (செக் நாணயம்). விதியை மனப்பாடம் செய்வதைவிட, வீட்டில் அன்றாடம் புழங்கும் பத்துப் பொருள்களை இந்த வடிவத்தோடு சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது பயன் தரும் என்பது என் கருத்து.

தமிழர்கள் வழக்கமாக வழுக்கும் இடம் இன்னொன்று உண்டு. ‘கொஞ்சம் பேனா கொடுங்கள்’, ‘கொஞ்சம் இங்கே வாருங்கள்’ என்று நாம் சொல்லும்போது அங்கே அளவைப் பற்றிய பேச்சே இல்லை. கேட்பதைப் பணிவாக்கத்தான் அந்தக் ‘கொஞ்சம்’ வருகிறது. அதைச் செக்கில் ‘த்ரொஹு’ என்று வைத்துப் பேனா கேட்டால், பேனாவில் ஒரு துண்டு கேட்பதுபோல் ஆகிவிடும். அங்கே பணிவைச் சுமப்பது வினைச்சொல்தான். ஓர் ஆணிடம் ‘மொஹ்ல் பிஸ்தெ’ என்றும், ஒரு பெண்ணிடம் ‘மொஹ்லா பிஸ்தெ’ என்றும் தொடங்கினால் ‘உங்களால் முடியுமா’ என்னும் மரியாதை வந்துவிடும்: ‘மொஹ்லா பிஸ்தெ மி பூய்ச்சித் பெரொ?’ என்பது ‘கொஞ்சம் பேனா தருகிறீர்களா?’ என்பதற்கு ஈடாகும். இந்த இலக்கணம் உங்கள் பாடப்புத்தகத்தில் பின்னால்தான் வரும். அதுவரை காத்திராமல் முழுத் தொடராகவே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வேகமோ தொலைவோ உண்மையிலேயே சிறிது மாறவேண்டும் என்று கேட்கும்போது மட்டும் ‘த்ரொஹு’ உள்ளே வரலாம். ‘மொஹ்லா பிஸ்தெ ம்லுவித் த்ரொஹு பொமலெயி?’, அதாவது ‘சற்று மெதுவாகப் பேச முடியுமா?’ என்னும் தொடர் உங்களுக்கு நாள்தோறும் தேவைப்படும்.

செக் மக்கள் பேச்சைக் குழைப்பதற்குச் சொற்களையே சிறிதாக்குவதும் உண்டு. ‘த்ரொஹு’ என்பது ‘த்ரொஷ்கு’ ஆகி, அதுவும் போதாமல் ‘த்ரொஷிச்கு’ ஆகும். சற்று நேரம் என்னும் ‘ஹ்வீலெ’ முதலில் ‘ஹ்வில்கா’ ஆகி, பிறகு ‘ஹ்விலிச்கா’ ஆகும். அலுவலகத்தில் ஒருவர் ‘ஹ்விலிச்கு, ப்ரொசீம்’ என்றால் காத்திருப்பு குறுகியது என்று உறுதி கூறுகிறார் என நம்பிவிடாதீர்கள், கனிவாகக் காத்திருக்கச் சொல்கிறார், அவ்வளவுதான். அவ்வாறே ‘பிவொ’ என்னும் பியர் ‘பிவெச்கொ’ ஆவதால் குவளை சிறிதாகிவிடாது. அரை லிட்டர் குவளைக்கும் அந்தச் செல்லப் பெயர் பொருந்தும். ‘ஹ்லெபீசெக்’ என்று கேட்டு விழிக்கவும் வேண்டாம்: ரொட்டியின் பெயரிலிருந்து வந்த சிறுமைச் சொல்லானாலும், அது வெள்ளை ரொட்டித் துண்டின் மேல் உருளைக்கிழங்கு சாலட், பன்றி இறைச்சி, முட்டை, ஊறவைத்த வெள்ளரி ஆகியவற்றை அடுக்கிய தனிப் பண்டம். சைவமாக இருந்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி அடக்கத்துக்கு வருகிறேன். உங்களைச் சங்கடப்படுத்திய அதே ‘மாலொ’ இங்கே உதவிக்கு வருகிறது. யாராவது நன்றி சொன்னால் ‘ஸா மாலொ’, அதாவது ‘நான் செய்தது சிறிதுதானே’ என்று பதில் சொல்லலாம். பிறர் தந்ததை ‘மாலொ’ என்றால் குறை கூறுவதாகும். தான் செய்ததை ‘மாலொ’ என்றால் பணிவாகும். இதைவிடப் பரவலாகக் காதில் விழுவது ‘நெஞீ ஸச்’, நம் ‘பரவாயில்லை, இருக்கட்டும்’ போன்றது. விருந்துக்குப் போகும்போது கொண்டுசெல்லும் பரிசை நீட்டி ‘யென் மலிச்கொஸ்த்’, ‘சின்னப் பொருள்தான்’ என்று சொல்வதும் இயல்பானது. உங்கள் செக்கைப் பாராட்டினால் தலையை ஆட்டி மறுக்காதீர்கள். ‘இல்லை இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று வலிந்து மறுத்தால் பாராட்டியவர்தான் சங்கடப்படுவார். ‘த்யெகுயி, ஸ்நஜீம் ஸெ’, அதாவது ‘நன்றி, முயற்சி செய்கிறேன்’ என்பது அளவான பதில். நலம் விசாரிக்கும்போது அவர்களும் பெரும்பாலும் ‘உய்தெ தொ’, ‘ஏதோ போகிறது’ என்பார்கள். அதைக் கேட்டு ஏதோ துன்பம் என்று பதற வேண்டியதில்லை.

கடைசியாக, கடையில் சிறிய அளவு கேட்கும் முறை. வெட்டித் தரும் பாலாடைக்கட்டியையும் இறைச்சியையும் கிராம் கணக்கில் கேட்பதைவிடத் ‘தெகா’ கணக்கில் கேட்பதே வழக்கம். ஒரு தெகா என்பது 10 கிராம். 100 கிராம் பாலாடைக்கட்டி வேண்டுமானால் ‘தெஸெத் தெகா சீரா’ என்று கேளுங்கள். தராசில் வைத்துவிட்டு விற்பவர் ‘மூஜெ பீத் ஒ த்ரொஹு வீத்ஸ்?’ என்று கேட்டால், சிறிது கூடுதலாக இருக்கலாமா என்று கேட்கிறார். சம்மதமானால் ‘மூஜெ’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்.