கவிழ்த்த பாத்திரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2007-இல் பர்மாவில் பிக்குகள் எல்லா உயிர்களிடமும் அன்பைச் சொல்லும் ‘மெத்த சுத்தம்’ என்ற புத்தச் சூத்திரத்தை ஓதிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ராணுவம் சுட்டது. அன்பு என்ன சாதித்தது? ரம்பத்தால் அறுத்தாலும் மனதில் வெறுப்பு வரக்கூடாது என்று புத்தர் சொன்னது அடிமைப் புத்திதானே? நானும் தினமும் மைத்ரி தியானம், அதாவது எல்லோரிடமும் அன்பை வளர்க்கும் தியானம், செய்கிறேன். மேலதிகாரி பொய்க் கணக்கில் கையெழுத்துக் கேட்டால் அன்போடு போட்டுவிடுகிறேன். தொடரலாமா?

மதிவாணன்

அன்புள்ள மதிவாணன்,

தியானத்தைத் தொடருங்கள். கையெழுத்தை நிறுத்துங்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக உங்களுக்கு யார் சொன்னது?

'என்ன சாதித்தது' என்பதற்குள் நான் போகவில்லை. துப்பாக்கி எடுத்தவன் தோற்றால் தியாகி என்கிறோம், வெறுங்கையோடு போனவனிடம் மட்டும் வரவு செலவு கேட்கிறோம்.

கொஞ்ச நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் வேறு. 2007 என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஊர்வலம்தான். படம் பிடிக்க நன்றாக இருக்கும். அதற்கு முன்னால் நடந்ததை யாரும் பேசுவதில்லை. ஆகஸ்டில் எரிபொருள் விலையை அரசு ஒரேயடியாக ஏற்றியது. டீசல் இரண்டு மடங்கு. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். செப்டம்பர் 5 அன்று பக்கோக்கு என்ற ஊரில் ராணுவத்தின் கையால் பிக்குகளுக்கு அடி விழுந்தது. மன்னிப்புக் கேளுங்கள் என்று பிக்குகள் 17-ஆம் தேதி வரை கெடு வைத்தார்கள். பதில் இல்லை. அப்புறம்தான் பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள்: ராணுவத்தாரிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் இனி பிச்சை வாங்குவதில்லை.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அடுத்தவர் போடும் சோற்றில் உயிர் வாழ்கிறவன், 'உன் சோறு எனக்கு வேண்டாம்' என்கிறான். அந்த நாட்டில் வாங்குகிறவன் இல்லாமல் கொடுக்கிறவனுக்குப் புண்ணியம் இல்லை. மூத்த பிக்குகளுக்குத் தளபதிகள் தானம் கொடுப்பதை அரசுத் தொலைக்காட்சி காட்டிக்கொண்டே இருக்கும். ஆள்வதற்கு அவர்கள் வைத்திருந்த தகுதிச் சான்றே அதுதான். 1990-லும் மண்டலேயில் பிக்குகள் இதைச் செய்தார்கள்; ராணுவம் மடங்களுக்குள் புகுந்து அடக்கியது. வெறும் சடங்கு என்றால் இவ்வளவு பதறுவானேன்?

பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்திலேயே இருக்கிற முறை இது. வட்டன் என்ற லிச்சவி குலத்தான், தப்ப மல்லபுத்தர் என்ற பிக்குமேல் அபாண்டமாகப் பழி சுமத்துகிறான், அவர் தன் மனைவியைக் கெடுத்தார் என்று. இவனுக்குப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள் என்கிறார் புத்தர். புத்தரின் சீடர் ஆனந்தர் போய்ச் செய்தியைச் சொன்னதும் வட்டன் அங்கேயே மயங்கி விழுகிறான். பிறகு ஈரத் தலையும் ஈர உடையுமாக வந்து காலில் விழுகிறான். பாத்திரத்தை நிமிர்த்திவிடுகிறார்கள். கவிழ்க்க ஒரு முறை இருப்பதுபோலவே நிமிர்த்தவும் ஒரு முறை உண்டு. மைத்ரி இருப்பது அங்கே. உங்களை மாதிரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவதில் இல்லை.

ரம்பத்துக்கு வருகிறேன். அந்தச் சூத்திரத்தின் கடைசிப் பகுதியை மட்டும் எங்கோ படித்திருக்கிறீர்கள். அதிலேயே காளி என்ற அடிமைப்பெண் வருகிறாள். அவள் எஜமானி வேதேஹிகா சாந்தமானவள் என்று ஊரெல்லாம் பேர். அது குணமா, இல்லை நான் ஒழுங்காக வேலை செய்வதால் வந்த பேரா என்று காளிக்குச் சந்தேகம். ஒருநாள் தாமதமாக எழுகிறாள். எஜமானி முகம் சுளிக்கிறாள். இன்னும் தாமதமாக எழுகிறாள். திட்டு விழுகிறது. அதற்கும் மேலே தாமதம் செய்தபோது தாழ்ப்பாளை எடுத்து மண்டையில் அடிக்கிறாள். ரத்தம் வழியும் தலையோடு வெளியே வந்து அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள் காளி, உங்கள் சாந்தமான அம்மாவின் வேலையைப் பாருங்கள் என்று. புத்தர் இதை பிக்குகளின் பொறுமைக்குப் பாடமாகச் சொல்கிறார். நான் எப்போதும் காளி பக்கத்திலிருந்துதான் படிப்பேன். அவள் யாரையும் தொடவில்லை, வையவில்லை. எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். மனம் கெடக்கூடாது என்பதுதான் ரம்பம் சொல்வது. ரம்பத்தைத் தீட்டிக் கொடு என்று அதில் எங்கே இருக்கிறது?

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 1951-இல் ஜப்பானுடன் சமாதான ஒப்பந்தம் போட்ட சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், பகையால் பகை தணியாது என்ற தம்மபத வரியைச் சொல்லி ஜப்பானுக்காக வாதாடினார் இலங்கையின் ஜெயவர்த்தனா. 1983 ஜூலையில் தமிழர் வீடுகள் எரிந்தபோது ஜனாதிபதியும் அவரேதான். 2017-இல் பர்மாவிலிருந்து ரோஹிங்கிய முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, விரட்டியவர்கள் பக்கம் நின்ற பர்மிய பிக்குகளும் உண்டு. பாத்திரம் கவிழ்க்க எட்டுக் காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. எல்லாமே பிக்குகளுக்குச் செய்யும் தீங்கு, இல்லையென்றால் புத்தர், தம்மம், சங்கம் மீதான நிந்தனை. அயலான் வீடு எரிந்தால் கவிழ்க்கலாம் என்று அந்தப் பட்டியலில் இல்லை. மெத்த சுத்தமோ ஓர் உயிரையும் விட்டுவைக்காமல் எல்லோரையும் அணைக்கிறது. பட்டியலுக்கும் பாட்டுக்கும் நடுவே கிடக்கிற இந்தப் பள்ளத்தைப் பற்றி எழுதுங்கள், விரிவாகவே பதில் போடுகிறேன்.